“இனிப்பே தொடுவதில்லை, பிறகு எடை ஏன் கூடுகிறது?”

கேள்வி: என் மகளுக்கு வயது 10, ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளியில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் உயரம் 140 செ.மீ., எடை 40 கிலோ என்று குறித்து, ‘அதிக எடை’ என எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் நால்வர். நாட்டுச் சர்க்கரைக்கு மாறி ஒரு வருடமாகிறது. மாதம் நான்கு கிலோ வாங்குகிறோம். ரேஷனில் வரும் இரண்டு கிலோ வெள்ளைச் சர்க்கரை பலகாரத்துக்கும் விருந்தினர் காபிக்கும் போய்விடும். மகளுக்குக் காலையில் வெந்நீரில் தேன், இரண்டு வேளை சத்துபானப் பொடியும் நாட்டுச் சர்க்கரையும் கலந்த பால், பள்ளிக்கு மாம்பழ ஜூஸ் பாக்கெட் ஒன்று, மாலையில் நான்கு கிரீம் பிஸ்கட். சாக்லேட், மிட்டாய் வாங்கிக் கொடுப்பதே இல்லை. இரவுச் சோற்றை நிறுத்திச் சப்பாத்தி கொடுக்கிறேன். தக்காளி சாஸ் இருந்தால்தான் சாப்பிடுவாள். என் கணவருக்கு 38 வயதிலேயே நீரிழிவு வந்துவிட்டதால் பயமாக இருக்கிறது. மாமியாரோ, “வளர்ற புள்ள, பூசுனாப்ல இருந்தாத்தான் லட்சணம்” என்கிறார். இது தைராய்டாக இருக்குமா? சர்க்கரையை அடியோடு நிறுத்திவிடலாமா? கணவர் காபியில் போட்டுக்கொள்ளும் சுகர் ஃப்ரீ மாத்திரையை மகளுக்கும் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

உணவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அளவுகளோடு எழுதியிருப்பதால் உங்கள் கடிதத்துக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது. நீங்கள் தந்த உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிட்டால் மகளின் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் குறியீடு) 20.4 வருகிறது. பெரியவர்களுக்கு இந்த எண் கவலைக்குரியதே அல்ல; ஆனால் வளரும் குழந்தைக்கு வயதையும் பாலினத்தையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் அதிக எடைக்கு ஒரு கோடும் உடல் பருமனுக்கு அதற்கு மேலே இன்னொரு கோடும் இருக்கின்றன. உங்கள் மகள் முதல் கோட்டைக் கடந்திருக்கிறாள், இரண்டாவதைத் தொடவில்லை. எனவே பள்ளியில் எழுதிக் கொடுத்தது சரிதான். அதே சமயம், பருமனாகாமல் தடுப்பதற்கு உரிய நேரத்தில்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வயதில் எடையைக் குறைக்க வேண்டிய தேவை இல்லை. பெண் குழந்தைகள் பூப்பெய்துவதற்கு முந்தைய ஆண்டுகளில்தான் வேகமாக உயரம் வளர்கிறார்கள். உணவைக் குறைத்துப் பட்டினி போட்டால் அந்த வளர்ச்சிதான் முதலில் அடிவாங்கும். எடை ஏறும் வேகத்தை மட்டும் தணித்தால் போதும், மீதியை உயரம் பார்த்துக்கொள்ளும். அடுத்த ஓராண்டில் அவள் 146 செ.மீ. உயரத்துக்கு வளர்ந்து எடை 41.5 கிலோவில் நின்றால், பி.எம்.ஐ. 19.5 ஆகிவிடும், ஒரு கிலோகூடக் குறையாமலேயே அவள் வயதுக்குரிய எல்லையை ஏறக்குறைய எட்டியிருப்பாள்.

தைராய்டு பற்றிய சந்தேகம் ஏறத்தாழ எல்லாப் பெற்றோருக்கும் வருகிறது. தைராய்டு சுரப்புக் குறைவால் எடை கூடும் குழந்தைகளுக்கு உயர வளர்ச்சி மந்தமாகிவிடும். கூடவே சோர்வு, மலச்சிக்கல், தோல் வறட்சி, குளிர் தாங்காமை போன்றவையும் தென்படும். உங்கள் மகளின் உயரமோ வயதுக்கு ஏற்றதாகவே இருக்கிறது. உணவு அதிகமாகி எடை கூடும் பிள்ளைகள் பெரும்பாலும் வகுப்பில் சற்று உயரமானவர்களாகவே இருப்பார்கள். கடந்த ஓரிரு ஆண்டுகளில் அவள் உயரம் சரிவரக் கூடவில்லை என்றாலோ, இந்த அறிகுறிகள் தென்பட்டாலோ தைராய்டு பரிசோதனைக்கு அவசியம் உண்டு.

இனி, “சாக்லேட், மிட்டாய் வாங்கிக் கொடுப்பதே இல்லை” என்று நீங்கள் எழுதியதைப் பார்ப்போம். மிட்டாயும் சாக்லேட்டும் உங்கள் வீட்டில் இல்லை என்பதை நான் அப்படியே நம்புகிறேன். ஆனாலும் நீங்கள் எழுதிய பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கிறது. ஒரு டீஸ்பூன் தேனில் ஏறக்குறைய 6 கிராம் சர்க்கரை இருக்கிறது. சத்துபானப் பொடிகளில் எடையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையாகவே உள்ள வகைகள் பல. குவித்து இரண்டு கரண்டி போட்டால் அதிலிருந்து 6 கிராம், அதற்கு மேல் போடும் ஒரு கரண்டி நாட்டுச் சர்க்கரையில் இன்னொரு 6 கிராம், ஆக இரண்டு வேளைப் பாலில் மட்டும் 24 கிராம். 200 மில்லி மாம்பழ பானத்தில் 24 கிராம் அளவுக்கு இருக்கும். நான்கு கிரீம் பிஸ்கட்டில் 14 கிராமும், ஒரு மேசைக்கரண்டி தக்காளி சாஸில் 4 கிராமும் சேர்ந்தால் மொத்தம் 72 கிராம் ஆகிறது. பிராண்டைப் பொறுத்து இதில் ஐந்து, பத்து கிராம் முன்பின் இருக்கலாம். ஆனால் படம் மாறாது.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் கலோரி ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 5 விழுக்காட்டுக்குள் நிறுத்தினால் கூடுதல் நன்மை உண்டு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களும், 2000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்ற எல்லையையே சொல்கின்றன. உங்கள் மகளுக்கும் அதுவே மேல் எல்லை. அவளோ அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு, அதாவது 280 கலோரிக்கு மேல், சர்க்கரையிலிருந்து மட்டும் பெறுகிறாள். பாலில் இயல்பாக உள்ள சர்க்கரையையும் முழுப் பழத்தில் உள்ளதையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, சேர்க்கவும் தேவையில்லை.

இந்த 72 கிராமில் தேன், பால், ஜூஸ் ஆகிய மூன்றின் பங்கு மட்டும் 54 கிராம். அதாவது முக்கால் பங்கை அவள் மெல்லவே இல்லை, குடித்துவிடுகிறாள். உங்கள் கண்ணுக்கு அது இனிப்பாகத் தெரியாமல் போனதற்கு இதுவே காரணம். எடை கூடியதற்கும் இதுதான் பெரும் காரணம் என்று கருதுகிறேன். மென்று தின்னும் உணவு வயிற்றில் தங்கிப் பசியை அடக்குவதைப்போல இனிப்புப் பானம் அடக்குவதில்லை. ஒரு டம்ளர் ஜூஸ் குடித்த குழந்தை மதியச் சோற்றில் அதற்கு ஈடாக எதையும் குறைத்துக்கொள்ளாது. தவிர, சர்க்கரையில் பாதியாக இருக்கும் ஃப்ரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரலே கையாள வேண்டியிருக்கிறது. தொடர்ந்து அளவுக்கு மீறி வந்தால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றத் தொடங்கும். இன்று பள்ளிப் பிள்ளைகளிடமும் கொழுப்புக் கல்லீரல் காணப்படுவதற்கு இதுவும் ஒரு வழி.

நாட்டுச் சர்க்கரை பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் சர்க்கரையின் மணமும் சுவையும் தனி என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் ஆகிய எல்லாவற்றையும் உடல் சர்க்கரையாகவே கணக்கில் வைக்கிறது. 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் 400 கலோரி என்றால் வெல்லத்தில் சுமார் 350. இரும்புச்சத்துக்காக என்று சொல்வார்கள். ஒரு நாளைக்குப் போடும் இரண்டு கரண்டியில் கிடைக்கும் இரும்பு மிகச் சொற்பமே. ‘நல்ல சர்க்கரைதானே’ என்ற எண்ணத்தில் கை தாராளமாகிவிடுவதும், நாட்டுச் சர்க்கரையில் இனிப்பு சற்றுக் குறைவு என்பதால் இன்னொரு அரைக் கரண்டி சேர்வதும் நான் அடிக்கடி காண்பவை. வெள்ளையிலிருந்து மாறியதில் தவறில்லை. மாறியதையே குறைத்ததாக எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல்.

சத்துபானப் பொடியைப் பொறுத்தவரை என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: உங்கள் மகளுக்கு அது தேவையில்லை. அந்தக் கோப்பையில் உள்ள சத்தில் பெரும்பகுதி நீங்கள் ஊற்றும் பாலிலிருந்து வருவதே. பால் சார்ந்த, தானியம் சார்ந்த, மால்ட் சார்ந்த பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. ‘ஹெல்த் டிரிங்க்’ என்று நம் உணவுச் சட்டத்தில் ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதுதான் அதற்குக் காரணம். பாக்கெட் ஜூஸின் கதையும் இதுபோன்றதே. ‘பழ பானம்’ என்று விற்பதற்குப் பெரும்பாலான பழங்களில் 10 விழுக்காடு பழச்சாறு இருந்தாலே விதிக்குப் போதும். மீதி நீரும் சர்க்கரையும்.

பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்ற வரிக்கு எதிரே ஒரு வேளைப் பரிமாறலுக்கு 40 விழுக்காடு என்பதுபோல ஓர் எண் இருக்கும். அந்த விழுக்காடு, 2000 கலோரி உண்ணும் பெரியவர் ஒருவருக்கு 50 கிராம் சர்க்கரை என்ற அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. நாம் உங்கள் மகளுக்கு வைத்திருக்கும் எல்லை 25 கிராம் என்பதால் அந்த எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். 40 என்றிருந்தால் அவளுக்கு அது 80. ‘ஒரு பரிமாறல்’ என்பது முழுப் பாக்கெட்டா, அதில் பாதியா என்பதையும் பார்த்துவிடுங்கள். பகுதிப்பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததாக வரிசையாக அச்சிடப்படும். முதல் மூன்றுக்குள் சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் போன்றவற்றில் எது இருந்தாலும் அந்தப் பொருளை அன்றாடம் வாங்க வேண்டாம்.

அடியோடு நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். வீட்டில் திடீரென்று எல்லாம் மறைந்துபோனால் பிள்ளையின் மனம் அதையே சுற்றும்; தோழியின் டிபன் பாக்ஸும் தெருமுனைக் கடையும் அந்த இடத்தை நிரப்பிவிடும். முதலில் ஜூஸ் பாக்கெட்டையும் தேனையும் நிறுத்துங்கள்; இவை இரண்டையும் விடுவது பிள்ளைக்கு அவ்வளவு கடினமாக இருக்காது. அதற்கு ஈடாகக் கொய்யா, சாத்துக்குடி, பப்பாளி, மாம்பழக் காலத்தில் மாம்பழத் துண்டு என எதையாவது பழமாகவே கொடுங்கள். வீட்டில் பிழிந்த சாறும் வேண்டாம், ஏனெனில் பிழிந்து வடிகட்டியதும் நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது. அடுத்த இரண்டு வாரங்களில் சத்துபானப் பொடியைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். மணம் வேண்டும் என்றால் ஏலக்காயோ, சிட்டிகை மஞ்சளும் மிளகும் தட்டிப்போட்ட பாலோ போதும். பாலில் போடும் நாட்டுச் சர்க்கரையை வாரத்துக்குக் கால் கரண்டி வீதம் குறைத்து, வேளைக்கு அரைக் கரண்டியில் கொண்டுவந்து நிறுத்துங்கள். நாக்கு குறைந்த இனிப்புக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும், ஆனால் நிச்சயம் பழகும். இவ்வளவும் செய்தால் 72 கிராம் 24 ஆகிவிடும். பிஸ்கட்டில் இன்னும் நாம் கைவைக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பிஸ்கட்டை அதற்குப் பிறகு மாற்றலாம். பள்ளியிலிருந்து வரும் பிள்ளை உண்மையான பசியோடு வருகிறாள். அந்த நேரத்தில் அவித்த நிலக்கடலையோ, தட்டைப்பயறு அல்லது பாசிப்பயறுச் சுண்டலோ, ஒரு முட்டையோ, அடையோ தயாராக இருந்தால் இரவு உணவுவரை பிஸ்கட் டப்பாவைத் தேட மாட்டாள். வேலைக்குப் போகும் வீட்டில் இது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். காலையிலேயே குக்கரில் வைத்துவிட்டால் மாலையில் தாளிப்பது மட்டும்தான் வேலை. அதை மாமியார் கவனித்துக்கொள்ளலாம். கிரீம் பிஸ்கட்டுக்குப் பதிலாக ‘டைஜஸ்டிவ்’, ‘ஓட்ஸ்’ என்ற பெயருள்ள பிஸ்கட்டுகளை வாங்கிவிடாதீர்கள். அவற்றிலும் மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றும் சேர்ந்தவை நிறைய உண்டு.

கணவரின் மாத்திரையை மகளுக்குக் கொடுக்க வேண்டாம். உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. எனவே உங்கள் கணவர் தம் மருத்துவரின் ஆலோசனைப்படி தொடரலாம். மகளைப் பொறுத்தவரை நாம் மாற்ற முயல்வது அவள் நாக்கு எதிர்பார்க்கும் இனிப்பின் அளவை. மாத்திரை போட்டால் அந்த எதிர்பார்ப்பு அப்படியே இருக்கும்.

இரவுச் சோற்றை நிறுத்தியதற்கும் ஒரு வார்த்தை. எண்ணெய் தடவிச் சுட்ட மூன்று சப்பாத்திக்கும் ஒரு கிண்ணம் சோற்றுக்கும் கலோரியில் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வேறுபாடு இல்லை. அதோடு சப்பாத்திக்குச் சாஸைத் தொட்டுக்கொள்வதால் காயும் பருப்பும் தட்டிலிருந்து போய்விட்டன, அதுதான் பெரிய இழப்பு. பிள்ளைக்குச் சோறு பிடிக்கும் என்றால் சோறே கொடுங்கள். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறோ சப்பாத்தியோ களியோ, மீதிக் கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் ஆகியவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து அரிசி பருப்புச் சாதத்தில் பருப்பைக் கூட்டி, பக்கத்தில் பொரியலும் கெட்டித் தயிரும் வைத்தால் அதைவிட நல்ல இரவு உணவு தேட வேண்டியதில்லை. கொள்ளுப் பருப்பும் அப்படித்தான். ஆனால் கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று நம்பி அதை மட்டும் நாள்தோறும் கொடுக்க வேண்டாம், அப்படி எதையும் அது கரைப்பதில்லை. டிவி, கைப்பேசி இல்லாமல் சாப்பிடுவதும், நாள்தோறும் ஒரு மணி நேரமாவது வியர்க்க விளையாடுவதும், ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குவதும் இதோடு சேர வேண்டியவை.

இந்த மாற்றங்களை மகளுக்கு மட்டும் என்று செய்யாதீர்கள். மாதம் ஆறு கிலோ சர்க்கரையை நால்வருக்கும் முப்பது நாளுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு நாள்தோறும் 50 கிராம் வருகிறது; கடையில் வாங்கும் பிஸ்கட், ஜூஸ் எல்லாம் இதற்கு மேல். விருந்தினருக்கு என்று கொஞ்சம் தள்ளினாலும், நீரிழிவுள்ள ஒருவர் இருக்கும் வீட்டில் இது மிக அதிகம். இரண்டு மாதங்களுக்குள் இதை மூன்று கிலோவாக்கி, பிறகு இரண்டுக்குக் கொண்டுவாருங்கள். தமிழ்நாட்டில் 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையோ பருமனோ உள்ளவர்களாக இருந்தார்கள். ஆகவே உங்கள் சமையலறையில் சர்க்கரை குறைந்தால் பயன்பெறப்போவது மகள் மட்டுமல்ல.

மாமியாரிடம் இந்த எண்களையெல்லாம் சொல்லி வாதிட வேண்டியதில்லை. பிள்ளை மெலிந்தால் நோஞ்சான் என்று அஞ்சிய காலத்தில் வளர்ந்தவர் அவர். அந்த அச்சத்துக்கு அன்று காரணமும் இருந்தது. “எடையைக் குறைக்கப் போவதில்லை, ஜூஸையும் பொடியையும் மட்டும்தான் நிறுத்துகிறோம், சோறும் பருப்பும் பாலும் வழக்கம்போல உண்டு” என்று சொல்லுங்கள், பெரும்பாலான பாட்டிகள் இதற்கு உடன்படுவார்கள். தீபாவளிக்குச் சுடும் கச்சாயமும், நோன்பு நாளின் ஒப்புட்டும் இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, அதுவும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடட்டும். ஆனால் ‘குண்டு’ என்ற சொல் செல்லமாகக்கூட வீட்டில் ஒலிக்கக் கூடாது. பூப்பெய்தும் பருவத்தை நெருங்கும் பெண் குழந்தை அந்தச் சொல்லை மறக்கமாட்டாள். ஒளித்துத் தின்பதும் வேண்டுமென்றே பட்டினி கிடப்பதும் பல பெண்களுக்கு அந்த வயதில்தான் தொடங்குகின்றன. உறவினர் யாரேனும் சொன்னால் அவள் முன்னாலேயே மறுத்துப் பேசுங்கள்.

பள்ளியிலும் கேட்கலாம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுப் பொருள்களைப் பள்ளி உணவகத்திலோ வளாகத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது என்ற விதிமுறை 2020இலேயே வந்துவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் ஒருவர் கேட்டாலே இன்னும் நால்வர் சேர்ந்து கேட்பார்கள்.

கடைசியாக, மருத்துவரைப் பார்க்க வேண்டியது பற்றி. அதிக எடையோடு இருக்கும் குழந்தைக்குப் பத்து வயது நிரம்பி, தாய்க்கோ தந்தைக்கோ நீரிழிவும் இருந்தால், ஒருமுறை ரத்தச் சர்க்கரையைப் பரிசோதிப்பது முறை. ஆகவே குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துச் சென்று வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது எச்.பி.ஏ.1சி (கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டுவது) பரிசோதனையும், ரத்த அழுத்தமும் பாருங்கள். கழுத்தின் பின்புறமோ அக்குளோ கருத்து, தடித்து, வெல்வெட்டுத் துணிபோல இருக்கிறதா என்று நீங்களே கவனியுங்கள். அழுக்கு என்று எண்ணிப் பலர் கடலை மாவு போட்டுத் தேய்க்கிறார்கள்; உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கக்கூடும், எனவே மருத்துவரிடம் தவறாமல் காட்டுங்கள். தூக்கத்தில் குறட்டை விடுவது, அடிக்கடி தாகம், இரவில் சிறுநீருக்கு எழுவது ஆகியவை இருந்தால் பள்ளி விடுமுறைக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள். வீட்டில் வாராவாரம் எடை பார்க்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தையும் எடையையும் ஒரே நாளில் அளந்து தேதியோடு குறித்துவையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பையும், முடிந்தால் முந்தைய வகுப்புகளின் பள்ளி மருத்துவ அட்டைகளையும் கொண்டுபோனால், உயரம் எந்த வேகத்தில் வளர்கிறது என்பதை அவர் அங்கேயே கணித்துச் சொல்லிவிடுவார்.